மூன்றாவது கூப்பாடு

"தூக்காத. இழு," என்றாள் மெர்லீன்.

தலைமாட்டை அவள் பிடித்திருந்தாள், கால்மாட்டை வெர்னல். கனத்த மரக்கட்டில். பலகைத் தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது. ஜன்னலோரம் கிடந்தது கதவோரம் வந்தது. மலையைப் பார்த்திருந்த தலைமாடு இப்போது சுவரைப் பார்த்தது.

கட்டில் இருந்த இடத்தில் பலகையில் நான்கு குழிகள். மெர்லீன் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கட்டில் அங்கேயேதான் கிடந்தது. கால்கள் அழுத்தி அழுத்தி விழுந்த குழிகள். கோலிக்குண்டு உருட்டினால் நிற்கும். மெர்லீன் துடைப்பத்தால் தூசியைத் தள்ளினாள். குழிக்குள் இருந்த தூசி வரவில்லை. விட்டுவிட்டாள்.

"அலமாரி?" என்றான் வெர்னல்.

"அதையும் திருப்பிடு. கண்ணாடிய சுவத்துப் பக்கம் வை."

திருப்பினான். கைகள் சொன்னதைச் செய்தன. அண்ணன் லின்வல் செத்த நாளிலிருந்து அவன் கைகள் இப்படித்தான். மூங்கில் வெட்டின, தார்ப்பாய் கட்டின, தண்ணீர் சுமந்தன, மத்தியானம் ஆட்டை அறுத்தன. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாரோ வேலை செய்வதைப் பார்ப்பதுபோல.

லின்வலின் உடல் கிங்ஸ்டனில் குளிர்பெட்டியில் இருந்தது. இங்கிலாந்திலிருந்து மகள் வர வேண்டும், அப்புறம்தான் அடக்கம். ஆனால் செத்தவனை வழியனுப்பும் ஒன்பதாம் இரவு யாருக்காகவும் காத்திருக்காது. இன்று லின்வல் வீட்டுக்கு வருவான். மேசையில் வைத்திருக்கும் மீனையும் ரம்மையும் ஒரு கை பார்ப்பான். பாட்டுக் கேட்பான். பிறகு தன் அறையை எட்டிப் பார்ப்பான். கட்டிலும் அலமாரியும் இடம் மாறியிருந்தால், இது நம்ம வீடில்லை என்று நினைத்துப் போய்விடுவான். இருந்த இடத்திலேயே இருந்தால் படுத்துவிடுவான், பிறகு எழுப்ப முடியாது.

"ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டார்," என்றாள் மெர்லீன். தலையணை உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "கடைத் தெருவுக்குப் போனாக்கூட 'மெர்ல், போயிட்டு வரேன்'னு ரெண்டு வாட்டி சொல்ற மனுஷன். அன்னைக்கு நான் தூங்கிட்டிருந்தேன். எழுப்பல."

வெர்னல் அலமாரியின் பின்பக்கத்தைப் பார்த்தான். அங்கே பழைய சிலந்திக் கூடு ஒன்று ஒட்டியிருந்தது.

"உங்கிட்டயாவது ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்ல, சிஸ்."

அண்ணன் மனைவியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அவள் தலையை ஆட்டினாள். இந்த ஒன்பது நாளில் இதை அவள் எத்தனையாவது தடவை கேட்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் சொன்னது ஒரே பதில்தான்.

வெளியே தார்ப்பாயின் கீழ் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். டொமினோக் கட்டைகளை மேசையில் அறையும் சத்தம் கேட்டது. ஆட்டுத்தலை சூப் கொதித்தது. குழி வெட்டுகிறவரும் பாட்டுக்கு வரி எடுத்துக் கொடுக்கிறவருமான மாஸ் ஹெட்லி அகப்பையை நக்கிப் பார்த்துவிட்டு உப்பில்லை என்றார். யாரும் கேட்கவில்லை.

"யாரு இது, வெர்னலா?" என்றார். "ரெண்டு கட்டு விறகு ஒரே தோள்ல. லின்வல் பாத்தான்னா அதிர்ச்சியில எந்திரிச்சு உக்காந்துடுவான். அவன் இருந்தவரைக்கும் நீ விறகத் தொட்டிருக்கியாடா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்தவன் கோபித்துக்கொள்வான். வெர்னலும் வாயை இழுத்துச் சிரிப்புமாதிரி வைத்துக்கொண்டான்.

"நல்ல சாவு," என்றார் ஹெட்லி, குரலைத் தணித்து. "நான் எத்தனை பேருக்குக் குழி வெட்டியிருக்கேன். இழுத்துக்கிட்டுக் கெடக்கல, பொலம்பல. நெஞ்சு நின்னுச்சு, முடிஞ்சுது. டாக்டரே சொல்லிட்டார். கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காதுன்னு."

"ஆமா," என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

"கூப்பிடக்கூட நேரம் இல்ல."

இதை எல்லாரும் சொன்னார்கள். ஆறுதலுக்குச் சொன்னார்கள். போதகர் ஜெபத்தில் சொன்னார். கடைக்காரி சர்க்கரை கட்டும்போது சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வெர்னல் "ஆமா" என்றான்.

லின்வல் கூப்பிட்டான். வெர்னலுக்கு அது கேட்டது.

அன்று பௌர்ணமி. பௌர்ணமி என்றால் கிங்ஸ்டனிலிருந்து ஆட்கள் வருவார்கள், ப்ளூ மவுண்டன் சிகரத்தில் நின்று சூரியன் எழுவதைப் பார்க்க. நள்ளிரவு தாண்டி இந்த முற்றத்திலிருந்துதான் கிளம்புவார்கள். லின்வலிடம் ஒரே சட்டம், டார்ச் கிடையாது. "நிலா அவ்வளவு மெனக்கெட்டு வெளிச்சம் போடுது. நீங்க பேட்டரியக் காட்டி அத அவமானப்படுத்தாதீங்க," என்பான். ஒருவர் டார்ச் அடித்தால் போதும், எல்லார் கண்ணும் கொஞ்ச நேரத்துக்குக் குருடு. கால் வழுக்குவது அப்போதுதான். டார்ச்சுக்குப் பதிலாக ஒவ்வொருவர் முதுகிலும் மாவு மூட்டைத் துணியில் ஒரு வெள்ளைச் சதுரம் கட்டிவிடுவான். முன்னால் போகிறவரின் வெள்ளையைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் நடக்க வேண்டும்.

வரிசையின் தலை லின்வல். வால் வெர்னல். தலைக்கும் மற்றவர்களுக்கும் துணி உண்டு. வாலுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதால் துணி கிடையாது. மீசை முளைத்த காலத்திலிருந்து வெர்னல் பார்த்ததெல்லாம் அந்த வெள்ளைச் சதுரங்களைத்தான். யாரோ கொடியோடு உருவிக்கொண்டு போகும் சலவைத் துணிகள்போல அவை மேலே மேலே ஏறும்.

அன்று வாசலில் லின்வல் தன் முதுகுத் துணியை அவிழ்த்தான். "திரும்பு," என்றான். தம்பியின் முதுகில் கட்டினான். "இன்னைக்கு நீ முன்னால போ."

"ஏன்?"

"என் முதுகையே பாத்துப் பாத்து உனக்கு சலிக்கலையாடா?"

வெர்னல் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவானோ என்று பயம். அண்ணன் முகம் அப்போது எப்படி இருந்தது, மூச்சு வாங்கியதா, கை நெஞ்சுக்குப் போனதா, எதுவும் ஞாபகமில்லை. அவன் பார்க்கவே இல்லை. முன்னால் இருந்த வெறும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யார் முதுகும் இல்லாத பாதை. காப்பிச் செடி இலைகள் நிலவில் எண்ணெய் தடவினாற்போல மின்னின. கூழாங்கல் ஒவ்வொன்றுக்கும் தனி நிழல். இஞ்சிப் பூ வாசம். கீழே வெகு தொலைவில் கிங்ஸ்டன் விளக்குகள், கொட்டிய சீனிபோல.

யாக்கோபு ஏணி என்று சொல்லும் செங்குத்தை ஏறி முடித்து, மூங்கில் கூட்டத்தைத் தாண்டிய திருப்பத்தில் அது வந்தது.

"வெர்னல்."

சத்தமாக இல்லை. அடுத்த அறையிலிருந்து யாரோ தீப்பெட்டி எடுத்துத் தரச் சொல்வதுபோல. பின்னாலிருந்து, கீழேயிருந்து.

அவனுக்கு அடுத்து நடந்து வந்த கிங்ஸ்டன் பெண், மிஸ் ஆல்தியா, "உங்களத்தான் கூப்பிடறாங்க," என்றாள்.

"நடங்க," என்றான் அவன்.

ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கு வாய் திறக்கக் கூடாது. இரண்டாவதுக்கும் கூடாது. ஆவிக்கு மூன்று தடவை கூப்பிடத் தெரியாது. மூன்றாவதும் வந்தால் மனுஷன். அந்த மலையில் குழந்தைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். வெர்னலுக்கு அதைச் சரியாகப் பழக்கியவன் லின்வல்தான். சின்ன வயதில் காப்பிச் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரே ஒரு தடவை கூப்பிடுவான். வெர்னல் "என்னா" என்று சொல்லித் தொலைத்தால் சிரித்துக்கொண்டே வெளியே வருவான். "போச்சு. ஒன்ன ஆவி தூக்கிட்டுப் போச்சு. செத்துப்போனவன் சும்மா இருக்கக் கூடாது, போய்த் தண்ணி கொண்டா."

அன்று அந்தக் கூப்பாடு கேட்டதும் வெர்னலுக்குச் சிரிப்பு வந்தது. முதல் நாள் தலையாகப் போகிறேன், சோதித்துப் பார்க்கிறான் என்று நினைத்தான். ஏமாற மாட்டேன் என்று நினைத்தான். இரண்டாவதுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தான். வரவில்லை. தோற்றுப்போய் விட்டுவிட்டான் என்று நினைத்தான். நடையைக்கூடக் குறைக்கவில்லை.

மேலே கணவாயில் இருந்த கேப் குடிசையில் எல்லாரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். வால் வரவில்லை. வெர்னல் ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும் நேரம் பார்த்தான். பிறகு இறங்கிப் போனான்.

பாதை ஓரத்து மண்சுவரில் சாய்ந்து லின்வல் உட்கார்ந்திருந்தான். தொப்பி மடியில் இருந்தது. முதுகில் வெள்ளை இல்லாததால் வெர்னல் முதலில் அவனைத் தாண்டிப் போய்விட்டான்.

இன்று துக்க வீட்டுக்கு மிஸ் ஆல்தியா வந்தபோது முதல் பாட்டு முடிந்திருந்தது. கிங்ஸ்டனில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். தெரிந்தவர் ஜீப்பில் அவ்வளவு மோசமான ரோட்டில் வந்திருந்தாள். கையில் ரம் கேக்கும், காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலமும்.

வெர்னல் அடுப்பருகே இருந்தான். அவள் அங்கே வந்து நின்றாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

அவன் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி அவன் பக்கத்துக் கல்லின்மேல் வைத்தாள்.

"அன்னைக்கு," என்றாள், "அந்தத் திருப்பத்துல..."

"ஆந்தை," என்றான் வெர்னல்.

"ஆந்தையா."

"அந்த மூங்கில்ல ஒண்ணு இருக்கு. மனுஷக் குரல் மாதிரியே கத்தும்."

விறகு ஒன்று சரிந்து பொறி பறந்தது. அவள் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல," என்றாள். "சொல்றதுக்கு அது என் விஷயமும் இல்ல. ஆனா யாராச்சும் கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அது வராது."

"நான் ஒண்ணும் கேக்கலயே."

"நீங்க கேக்கல," என்றாள்.

மெர்லீன் அவளைப் பார்த்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கட்டிப்பிடித்து, கேக்கை வாங்கி, எவ்வளவு தூரம் வந்திருக்கே மகளே என்றாள். ஆல்தியா பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். மாவு மூட்டைத் துணி. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு நாலாக மடித்திருந்தது.

"அன்னைக்குத் திருப்பிக் குடுக்காம போயிட்டேன்."

மெர்லீன் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அந்தத் துணிக்கு அதுவரை யாரும் இஸ்திரி போட்டதில்லை.

"நீ கூடவேதானே நடந்தே," என்றாள். "கடைசியா அவர் ஏதாச்சும் பேசினாரா? என்னன்னாலும் பரவால்ல."

வெர்னல் கிண்ணத்தை எடுத்தான். சூப் சுட்டது. அவன் அதைக் கையிலேயே வைத்திருந்தான். சூடு விரலுக்குள் போவது தெரிந்தது. ஆனால் கீழே வைக்கத் தோன்றவில்லை.

ஆல்தியா நெருப்பைப் பார்த்தாள். பிறகு மெர்லீனை.

"கெளம்பறப்ப எனக்கு இந்தத் துணியக் கட்டிவிட்டார்," என்றாள். "இறுக்கமா இருக்கான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"இல்லன்னேன்."

மெர்லீன் சிரித்தாள். "அத அவர் எல்லார்கிட்டயும் கேப்பார்." சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. "சரி. அதாச்சும் கெடைச்சுதே."

துணியை இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு மீன் வறுக்கப் போனாள்.

ராத்திரி ஏற ஏறப் பாட்டும் ஏறியது. மாஸ் ஹெட்லி ஒவ்வொரு வரியாக முழங்க, மற்றவர்கள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். தேங்காய் துருவும் கிரேட்டர் ஒன்றைக் கரண்டியால் சுரண்டித் தாளம் போட்டார்கள். தொடாமல் வைத்திருந்த லின்வலின் மேசையில் மீன், கெட்டி ரொட்டி, வெள்ளை ரம், அவன் குடிக்கும் கறுப்புக் காப்பி. நள்ளிரவு தாண்டியதும் ஹெட்லி எழுந்து ரம்மைத் தரையில் ஊற்றினார்.

"லின்வல், நல்லா சாப்பிட்டே, நல்லா குடிச்சே. இனிமே இந்தப் பக்கம் வராத. மெர்லீன நாங்க பாத்துக்கறோம். வெர்னலயும் பாத்துக்கறோம், அவன் வேலை செஞ்சான்னா."

சிரிப்பு. பிறகு அனுப்பும் பாட்டு. எல்லாரும் வாசல் பக்கம் திரும்பி, இருட்டைப் பார்த்துப் பாடினார்கள். வெர்னலும் பாடினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது ஹெட்லி தள்ளாடிக்கொண்டே ஆட்களை விரட்டினார். "போங்க, போங்க. வெர்னல்கிட்ட யாரும் சொல்லிட்டுப் போகாதீங்க. ராத்திரியில அவனக் கூப்பிட்டுப் பதில் வாங்கறதுக்குள்ள விடிஞ்சிரும்."

"மெர்லீன் பாவம்," என்றது ஒரு பெண்குரல். "சோத்துக்குக்கூட அவனுக்கு மூணு கூப்பாடு போடணும்."

ஜீப் கிளம்பிப் போயிற்று. வளைவுகளில் அதன் விளக்கு தோன்றித் தோன்றி மறைந்து கடைசியில் இல்லாமல் போனது. தவளைகளின் சீழ்க்கை மட்டும் மிச்சம்.

வெர்னல் நாற்காலிகளை அடுக்கினான். டொமினோக் கட்டைகளைப் பெட்டிக்குள் போட்டான். லின்வலின் மேசையில் மீனின் ஓரத்தை எறும்பு பிடித்திருந்தது. தட்டோடு எடுத்தான். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நின்றான். மலைக்குப் பின்னால் வானம் வெளுத்தது. விடியல் இல்லை, தேய்ந்த நிலா. அன்று முழுசாக இருந்தது இன்று பாதி கடித்தமாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. சிகரத்தின் கோடு தெரிந்தது. ஏணி எங்கே இருக்கும் என்று அவன் பார்த்தான்.

"வெர்னல்."

"வரேன்," என்றான்.

பேர் முடிவதற்குள் சொல்லிவிட்டான். வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது, மெர்லீனின் குரல்தான். அது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

உள்ளே சத்தமில்லை. கூப்பிட்டவள் என்ன வேண்டும் என்று சொல்லவில்லை. அவன் தட்டை வைத்துவிட்டுப் படியேறினான். மெர்லீன் அறையின் நடுவில் நின்றிருந்தாள். விளக்கு இல்லை. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் அந்த நான்கு குழிகள் கிடந்த தரையில் விழுந்திருந்தது.

"ஒருவாட்டிதான் கூப்பிட்டேன்," என்றாள்.

அவன் கதவு நிலையில் கை வைத்தான்.

"இத்தன வருஷத்துல நீ ராத்திரியில மொதல் கூப்பாட்டுக்குப் பதில் சொன்னதில்ல."

"இல்ல."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. முற்றத்து அடுப்பின் வெளிச்சம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வெளியே தார்ப்பாய் ஒரு தடவை உப்பி அடங்கியது.

"அவர் எந்த எடத்துல கூப்பிட்டார்?" என்றாள்.

"ஏணிக்கு மேல. மூங்கில் தாண்டின திருப்பம்."

"எத்தன வாட்டி?"

"ஒண்ணு."

"யார் பேர?"

"என் பேர, சிஸ்."

மெர்லீன் மெதுவாகத் தலையாட்டினாள். ஏதோ கடைச் சாமானின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுபோல. இடுப்பிலிருந்த துணியை எடுத்தாள். மடிப்பைப் பிரித்தாள், மறுபடி அதே மடிப்பில் மடித்தாள். அலமாரியின் தலைமேல் வைத்தாள். அவன் இன்னும் கதவிலேயே நின்றான். போகச் சொல்வாள் என்று காத்திருந்தான். போகச் சொன்னால் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட யோசித்துவிட்டான்.

அவள் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தாள்.

"அந்தப் பக்கம் பிடி."

"சிஸ், இன்னைக்கு ராத்திரி அத..."

"பிடி வெர்னல்."

பிடித்தான். இந்தத் தடவை அவள் இழுக்கச் சொல்லவில்லை. இரண்டு பேரும் தூக்கினார்கள். பாதி அறையில் அவனுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கும் வாங்கியது. நின்று, மறுபடி தூக்கினார்கள். தலைமாடு மலைப் பக்கம் திரும்பியது.

கீழே இறக்கியபோது மூன்று கால்கள் சத்தமில்லாமல் பழைய குழிகளில் போய் உட்கார்ந்தன. ஒன்று மட்டும் விளிம்பில் நின்றது. மெர்லீன் முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

பிறகு போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.